கண்ணாடிப் பலகை

அவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மேசைக்கு என்று அளவெடுத்து வெட்டிப் பொருத்தித் தருவது தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். அவர் மனைவி வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்து, இருபத்திரண்டு பேருக்கு டப்பா கட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்குக் காய் நறுக்க நின்றால் எட்டரைக்குள் எல்லாம் அடுப்பில் ஏறிவிடும். அவள் நறுக்கிய பீன்ஸ் அளவுகோல் வைத்து வெட்டியது போல இருக்கும். டப்பா வாங்கும் பெண் ஒருத்தி, "சாப்பிட மனசே வரலக்கா, எண்ணிப் பாக்கத்தான் தோணுது" என்று சொன்னதை இவள் மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்போது அவளிடம் இருந்தது ஒரு பழைய மரப்பலகை. நடுவில் பள்ளம் விழுந்து, ஓரமெல்லாம் கறுத்து, பீட்ரூட் சாயம் ஊறிப்போய்க் கிடந்தது.

"இது பலகையா, பாசி புடிச்ச படிக்கட்டா?" என்றார் அவர் ஒரு நாள். "இதுல வெட்டித்தான் ஊருக்கே சோறு போடுறியா?"

அடுத்த வாரம் கடையிலிருந்து ஒரு கண்ணாடிப் பலகையோடு வந்தார். கனத்த, சூளையில் பதப்படுத்திய கண்ணாடி. விளிம்பு நான்கையும் தானே தேய்த்து, விரல் வைத்தால் வழுக்கும்படி ஆக்கியிருந்தார். அடியில் நகராமல் இருக்க நாலு ரப்பர் பொட்டு. மூலையில், யாரும் கேட்காமலேயே, சின்னதாக ஒரு பூவைப் பொறித்திருந்தார். கறை பிடிக்காது, நாற்றம் தங்காது, ஒரு துடைப்பில் பளபளவென்று ஆகிவிடும்.

அவள் அந்தப் பூவைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "இத்தனை வருஷத்துல ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுஷன், இப்ப பூவே செஞ்சு குடுத்துட்டாரு" என்றாள். மரப்பலகையை அவர் கடைக்கு எடுத்துப் போய், சாய்த்து வைத்த கண்ணாடிகளுக்கு முட்டுக் கொடுத்தார்.

கத்தி மழுங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் சாணைக்கல்லில் தீட்டிக் கொடுப்பார். செவ்வாய்க்கிழமைக்குள் தக்காளித் தோல் வழுக்கும். புதுக் கத்தி வாங்கினாள். அது பத்து நாள் தாங்கியது. அழுத்தி வெட்ட வேண்டியிருந்ததால் மணிக்கட்டு வலித்தது. ஆறு மணிக்கு ஆரம்பித்த வேலையை ஐந்தரைக்கு ஆரம்பித்தாள், பிறகு ஐந்து மணிக்கு. அப்படியும் பீன்ஸ் ஒன்று நீளம், ஒன்று குட்டை. வெங்காயம் துண்டாகாமல் நசுங்கியது.

"என்னக்கா, சமையலுக்கு வேற ஆள் போட்டுட்டீங்களா?" என்று அதே பெண் விளையாட்டாகக் கேட்டாள். அவள் அன்று சிரிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை. பெரிய பூசணிக்காய். கத்தி தோலில் இறங்கவே இல்லை. அவள் முன்னால் சாய்ந்து, உடம்புப் பாரம் முழுவதையும் கைப்பிடியில் கொடுத்து அழுத்தினாள். கத்தி தோலை விட்டுச் சறுக்கி, காயைப் பிடித்திருந்த இடது கையின் ஆள்காட்டி விரலில் இறங்கியது. காய் நறுக்காத கத்தி, விரலுக்கு மட்டும் எங்கிருந்தோ கூர் வைத்திருந்தது.

குளித்துக்கொண்டிருந்தவர் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு ஈரத்தோடு ஓடிவந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "இருபத்திரண்டு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள். முதலில் அதைத்தான் சொன்னாள்.

விரலை மடக்கும் நரம்பு அறுந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த விரல் மடங்கவில்லை. யாரையோ சுட்டிக் காட்டுவது போல நீட்டிக்கொண்டே இருந்தது. டப்பா வாங்கியவர்கள் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, பசி காத்திருக்குமா?

வீட்டில் காய் நறுக்கும் வேலையைக் கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கு என்ன பெரிய சமையல் என்று நினைத்தார். ஞாயிறு தீட்டிய கத்தி வியாழனன்று வெங்காயத்தை நசுக்கியது. தீட்டியது சரியில்லை என்று மறுபடி தீட்டினார். புதுக் கத்தி வாங்கினார். அதுவும் அப்படியே.

அந்த வாரம் ஒரு ஹோட்டலில் சமையலறை ஜன்னல் உடைந்ததென்று அளவெடுக்கப் போனார். அங்கே மாஸ்டர் ஒரு தடித்த மரக்கட்டையின் மேல் மலை மலையாக வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கத்தி சத்தமே இல்லாமல் இறங்கியது.

"அண்ணே, தினமும் தீட்டுவீங்களா?"

"தினமுமா? வாரத்துக்கு ஒரு தடவை. நடுவுல லேசா ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்."

"எங்க வீட்டுல மூணு நாள் தாங்க மாட்டேங்குது."

"எதுமேல வெச்சு வெட்டுறீங்க?"

கண்ணாடிக்காரர் சொன்னார். பழக்கத்தில் குரலில் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். "கண்ணாடி மேலயா? என்னங்க இது, எந்தக் கத்தி தாங்கும்? கறிக்கடையில பாத்ததில்லையா, கட்டை மேலதான வெட்டுறாங்க? கட்டைன்னா கத்தியோட வெட்ட அது வாங்கிக்கும். பிளாஸ்டிக் பலகைகூடப் பரவால்ல, தழும்பு விழுந்தா மாத்திக்கலாம். கண்ணாடி, கருங்கல்லு, எவர்சில்வர் தட்டு, இதுமேலல்லாம் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியோட கூர் மடங்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கண்ணாடி இரும்ப விடக் கெட்டின்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?" என்று சிரித்தார்.

சொல்ல வேண்டியதில்லைதான். இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடியைக் கீற அவர் கையில் இருப்பது வைர முனை. இரும்பு அதன்மேல் சும்மா வழுக்கும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஜன்னலை அளந்து எழுதினார். வெளியே வந்து பார்த்தால் அகலம் இருந்த இடத்தில் உயரத்தை எழுதியிருந்தார். திரும்பிப் போய் அளக்கக் கால் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, மாஸ்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"கத்தி மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. நான் செஞ்ச பலகைதான்."

அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசித் துணியை அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன்."

"எப்ப?"

"பலகை வந்த ரெண்டாம் மாசம். உங்க தம்பி குடும்பம் சாப்பிட வந்திருந்தாங்க. இந்தப் பலகை வந்ததுல இருந்துதான் கத்தி வெட்ட மாட்டேங்குதுன்னு சொன்னேன். நீங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி, 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவர் எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. தம்பி வந்தது நினைவிருந்தது, சாப்பிட்டது நினைவிருந்தது. இதை மட்டும் காணோம்.

"அப்புறம் ஏன் நீ சொல்லவே இல்ல?"

"அப்புறம் நானே நம்பிட்டேங்க." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "கை போயிடுச்சு, வயசாயிடுச்சு, நமக்கு இனி வராதுன்னு நெனச்சிட்டேன். இருட்டோட எழுந்து நின்னு வெட்டுவேன். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையா விழும். அதப் பாத்து எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? விரல் போனதுக்குக்கூட நான் அப்படி அழல."

அவர் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் அவர் நல்ல மரப்பலகை ஒன்று வாங்கி வந்தார். கத்தியைப் பொறுமையாகத் தீட்டி இரண்டையும் மேடையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். அவள் ஒரு தக்காளியை எடுத்தாள். கத்தி பட்டதும் இரண்டாகப் பிளந்தது. அவள் முகத்தில் ஒரு கணம் பழைய வெளிச்சம் வந்தது. அடுத்து நாலைந்து பீன்ஸைச் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தாள். மடங்காத விரல் கத்தியின் வழியில் நீட்டிக்கொண்டு நின்றது. இப்படிப் பிடித்தாள், அப்படிப் பிடித்தாள். பிறகு கத்தியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அன்றிலிருந்து அவர் நறுக்குகிறார், அவள் தாளிக்கிறாள். பேச்சு முன்போல இல்லை, ஆனால் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் வேடிக்கையாக எதுவும் சொல்வதில்லை. சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

போன வாரம் டப்பா வாங்கிய அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். புது இடத்துச் சாப்பாடு யாருக்கும் பிடிக்கவில்லையாம், மறுபடி ஆரம்பிப்பீர்களா என்று கேட்டாள். அவர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இல்லம்மா, விட்டுட்டேன்" என்றாள் அவர் மனைவி. "கை சரியில்ல."

அந்தப் பக்கம் அவள் என்னவோ கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணல. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, அவர் நறுக்கி வைத்திருந்ததைப் பார்த்தாள். கேரட் தடியும் ஒல்லியுமாகக் கிடந்தது. பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கித் தனியே தள்ளி, "இதையெல்லாம் இன்னொரு வெட்டு வெட்டுங்க, வேகாது" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெட்டினார்.