அரைக் கோடு

ஆதவன் பெட்டியின் திருகில் இரண்டு விரல் வைத்து, அளவுக் கோடுகளில் அரைக் கோடு திருப்பினார். "இப்பக் கேளுங்க," என்றார். ஸ்பீக்கரில் நிவேதிதாவின் கிதார் ஒரு வரி ஓடி நின்றது. சோபாவில் இருந்த அதீஃப் தலையை ஆட்டினான். பேஸ் கிதார் வாசிக்கிறவன்; ஆதவன் எதைச் சொன்னாலும் ஆடுகிற தலை அது. பக்கத்தில் நிவேதிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெண் அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

ஜாலான் புசார் சாலையில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஸ்டூடியோ. முதலாளி சங்கீதா, ஒலி கலக்குகிறவர் ஆதவன். மற்றவர்கள் எலெக்ட்ரிக் கிதாரைப் பதிந்தால் மிச்ச வேலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே, சாஃப்ட்வேரிலேயே முடித்துவிடுவார்கள். ஆதவன் அதை வேலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஒலி கம்பி வழியாக வெளியே வந்து, இந்த இரும்புப் பெட்டிக்குள் நுழைந்து, உள்ளே எரியும் கண்ணாடி வால்வில் சூடேறித் திரும்பிப் போக வேண்டும் அவருக்கு. "சாஃப்ட்வேர்ல போட்டது ஐஸ்ல வச்ச மீன். பெட்டியில போட்டாத்தான் துள்ளும்," என்பார். பெட்டியின் முகப்பில் ஒலி எவ்வளவு வருகிறது என்று காட்டும் முள் ஒன்று உண்டு. அதன் கண்ணாடிமேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். முள்ளைப் பார்த்து மிக்ஸ் பண்ணுகிறவன் காது இல்லாதவனாம்! தேக்கா மார்க்கெட்டில் டீ வாங்க நின்றால்கூட 'காது ஆதவன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

நிவேதிதாவுக்கு இந்த இடம் புதிதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டுக்கு வாசிக்க வந்தவளை, ஒரே வரியை முப்பத்தெட்டு தடவை வாசிக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் மைக்கில் "இன்னொரு தடவை" என்பதோடு சரி. என்ன தப்பு என்று வாயைத் திறக்கவில்லை. கடைசியில், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "கை இருக்கு, காது இல்லம்மா. பேசாம பிள்ளைங்களுக்கு டியூஷன் எடு," என்றார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை அப்புறம் எத்தனை பேரிடம் நடித்துக் காட்டினார் என்று கணக்கே இல்லை. நன்றாகவும் நடிப்பார்.

இப்போது தன்னுடைய ஆல்பத்தோடு வந்திருந்தாள்.

"வீட்டுல லேப்டாப்லயே மிக்ஸ் பண்ணிட்டேன் அங்கிள். உங்க பெட்டிக்கும் இதுக்கும் டிஃபரன்ஸ் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆதவனுக்கு அது வருமா?

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன். பெட்டியில போட்டதையும் உன்னுதையும் மாத்தி மாத்திப் போடு, அஞ்சு ரவுண்டு. ஒண்ணு தப்பினாலும் இந்த நாற்காலியில இனிமே உக்கார மாட்டேன். சங்கீதா, நீதான் சாட்சி."

"வேணாம் லா அண்ணே," என்றாள் சங்கீதா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் சுற்றில் இரண்டாவதுதான் பெட்டி என்றார். "அடியில சதை இருக்கு பாரு." அடுத்ததில் முதலாவது. ஒவ்வொன்றையும் நிவேதிதா ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஐந்தாவது சுற்றில் அவருக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. "இது பாவம், வெறும் தகரம். உன்னுதுதானே?"

"எல்லாமே என்னுதுதான் அங்கிள். அஞ்சு ரவுண்டும், ரெண்டு பக்கமும் ஒரே ஃபைல். நான் வீட்டுல பண்ணது."

முதலில் சிரித்தது அதீஃப்.

ஆதவனுக்கு முகம் பற்றி எரிந்தது. "ஏமாத்து வேலை பண்றியா? இரு, நேராவே காட்டறேன்." வரியை மறுபடி ஓடவிட்டுத் திருகை அரைக் கோடு ஏற்றினார். "இப்ப மாறுதுல்ல? கேக்குதா இல்லியா?"

கீழே கடையில் யாரோ பைப் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கீதா போனை மடியில் கவிழ்த்தாள்.

"அண்ணே, பெட்டிக்குப் பின்னாடி கொஞ்சம் பாருங்க."

குனிந்து பார்த்தார். ஒலி வருகிற கம்பியும் திரும்பிப் போகிற கம்பியும் பெட்டியில் செருகப்படவே இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுப் பின்னால் தொங்கின. கிதார் பெட்டிக்குள் கால் வைக்காமல் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. கரண்ட் வயர் மட்டும் இருந்ததால் விளக்கு எரிந்தது.

"தீபாவளிக்கு முன்னாடி ஏர்கோன் தண்ணி சொட்டுச்சுல்ல, அப்பக் கழட்டினேன். மறுநாள் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்தீங்க, திருகினீங்க, 'ஆஹா'ன்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஏழு மாதம்.

"யார் யாருக்குத் தெரியும்?"

அதீஃப் தரையைப் பார்த்தான். "எல்லாருக்கும்ண்ணே. குரூப்ல நீங்க திருகற வீடியோகூட இருக்கு."

ஆதவன் நகத்தால் டேப்பைக் கிளறி உரித்தார். கண்ணாடிக்குப் பின்னால் முள் இடது ஓரத்தில், பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இதைப் பார்த்திருக்கலாமே! செத்துப்போய்விடலாம் போல இருந்தது அவருக்கு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சங்கீதா. "மூணு மணிக்கு வேற பாட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. காது ஆதவன் பெட்டியில மிக்ஸ் பண்றதைப் பாக்கணுமாம். நிவே லேப்டாப்ல மிக்ஸ் பண்ணட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து திருகிக்கிட்டிருங்க, போதும். அந்த டேப்பை மட்டும் திரும்ப ஒட்டிடுங்கண்ணே."

அவர் வாசலிலேயே நின்றார். வேறு எந்த ஸ்டூடியோவில் போய் ஏறுவது? அந்த வீடியோ அவருக்கு முன்னால் அங்கே போயிருக்குமே.

"கம்பியை... செருகிடவா?"

"எதுக்கு லா?"

பையைக் கழற்றி வைத்துவிட்டு, இனி உட்கார மாட்டேன் என்ற நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். டேப்பை ஒட்டப் பார்த்தார். அது பிடிக்காமல் ஒரு பக்கம் தொங்கியது.

நிவேதிதா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை, அங்கிள்."

கிதார் ஓடியது. ஆதவன் இரண்டு விரலால் திருகை அரைக் கோடு ஏற்றினார். தொங்கும் டேப்புக்குக் கீழே முள் அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கிதாரின் அடியில் சதை பிடித்தது, மெல்லச் சூடேறியது. அவருக்கு அது தெளிவாகக் கேட்டது.