அச்சு எழுதிய நாலு வரி

ஆரம்பப் பள்ளிக்கூடம் என்றால் தெருமுனையிலேயே காதில் விழ வேண்டும். ஒரு அறையில் பாட்டு, பக்கத்து அறையில் வாய்ப்பாடு, நடுவில் யாரோ ஒருத்தன் அழ, யாரோ ஒருத்தி கோள் சொல்ல, அப்படி இரைச்சலாக இருந்தால்தான் அது பள்ளிக்கூடம். இந்தப் பள்ளிக்கூடத்தில் வாசலைத் தாண்டி உள்ளே போனாலும் பென்சில் சீவுகிற சத்தம்தான் கேட்கும். "நம்ம ஸ்கூல்ல குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும்" என்று தலைமை ஆசிரியை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். எல்லாரும் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். வாய் திறந்து படித்தால் சத்தம் வரும் என்று பிள்ளைகளைப் படிக்க விடுவதில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

படிப்பதற்குப் பதில் கையெழுத்து. காலையில் கையெழுத்து, சாப்பிட்டுவிட்டு வந்தால் கையெழுத்து, மழை வந்து விளையாட்டு ரத்தானால் அதற்கும் கையெழுத்து. பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாக வருஷத்தின் நடுவில் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த டீச்சர், முதல் நாள் இரட்டைக்கோடு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து வாயடைத்துப் போனாள். ஒவ்வொரு பக்கமும் முத்து முத்தாக இருந்தது. அதிலும் ஒரு பெண்ணின் நோட்டில் அடித்தல் திருத்தல் என்று ஒரு புள்ளி கிடையாது. அச்சடித்த மாதிரி எழுதுகிறாள் என்று அவளுக்கு ‘அச்சு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதும்பாங்க, பாத்து!" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் ஜோக்கடித்தார். டீச்சரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஒரு நாள் அச்சுவை எழுப்பிப் பாடத்தைப் படிக்கச் சொன்னாள். பழைய டீச்சர் படித்துக் காட்டியதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்த அச்சு கணீரென்று, ஒரு இடத்தில்கூடத் தட்டாமல் முழுப் பாடத்தையும் ஒப்பித்தாள். அருகே போய்ப் பார்த்தால் புத்தகத்தில் விரித்திருந்தது வேறு பாடம். கிளிப்பிள்ளைக்காவது எதிரில் இருப்பது கொய்யாப்பழமா கூண்டுக்கம்பியா என்று தெரியும்.

சரி, எழுதும்போது என்னதான் செய்கிறாள் என்று டீச்சர் அவள் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றாள். பலகையில் ‘குதிரை வேகமாக ஓடும்’ என்று இருந்தது. அதைப் பக்கம் நிறைய எழுத வேண்டும். அச்சு ‘கு’ எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு ‘கு’. அதற்கும் கீழே இன்னொன்று. பக்கத்தின் அடி வரைக்கும் ‘கு’வாக இறக்கிவிட்டு, மறுபடி மேலே போய் ‘தி’யில் ஆரம்பித்தாள். ‘வே’ வந்ததும் இன்னும் கொடுமை. முதலில் கொம்பை மட்டும் மேலிருந்து கீழாக நட்டுக்கொண்டே போனாள், பிறகு ஒவ்வொரு கொம்புக்கும் பக்கத்தில் ஒரு ‘வ’வைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். டீச்சர் வகுப்பைச் சுற்றி வந்தாள். அத்தனை பிள்ளைகளும் அப்படித்தான், வேலிக்குக் குச்சி நடுகிற மாதிரி நட்டுக்கொண்டிருந்தார்கள். குதிரையும் ஓடவில்லை, ஒன்றும் ஓடவில்லை.

"ஏன் கண்ணு இப்படிக் கீழ்முகமா எழுதுறே?"

"இப்படி எழுதினாத்தான் டீச்சர் நேரா வரும்."

டீச்சர் நோட்டில் பழைய பக்கம் ஒன்றைத் திருப்பி ஒரு வார்த்தையில் விரலை வைத்தாள். "சரி, இது என்ன வார்த்தைன்னு சொல்லு பாப்போம்?"

அச்சு அந்த வார்த்தையைப் பார்த்தாள், டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "இது பொட்டு வெச்ச பக்கம் டீச்சர். ஸ்டார் வாங்கின பக்கம்" என்றாள்.

டீச்சருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. கோபம் பிள்ளை மேல் இல்லை. மூன்று வருஷம் ஒரு குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்து, விரல் காய்க்க எழுத வைத்து, எழுதியது என்ன என்று சொல்லிக் கொடுக்காமலே ஸ்டார் ஒட்டி அனுப்பியிருக்கிறார்களே, அந்த அக்கிரமத்தின் மேல்தான். அன்றே பெரிய டீச்சர் அறைக்குப் போனாள்.

பெரிய டீச்சர் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சத்தம் கூடாது என்பதால் யாருக்கு எதைச் சொல்வதானாலும் சீட்டுதான். ஆயா அதைக் கொண்டுபோய்க் கொடுப்பாள், கொடுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவாள். காகிதத்தை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் ஒருவருக்கு எழுதியது திரும்பி வந்தால், அதன் மறுபக்கம் இன்னொருவருக்குப் போகும். இரண்டு பக்கமும் எழுத்து என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிதான் இருக்கும்.

"மேடம், மூணாம் வகுப்புல பாதிப் பேருக்குப் படிக்கவே தெரியலை."

"தானா வரும்மா."

"எப்படி மேடம் தானா வரும்? எழுத்தைப் படமா வரையறாங்க. நம்ம ஸ்கூல் மூணாவதோட முடியுது, அடுத்த வருஷம் எல்லாரும் வேற ஸ்கூல். அங்க கேள்வித்தாளைக் கையில குடுத்தா என்ன செய்வாங்க? அந்த அச்சு இருக்காளே, அவளை மக்குன்னு கடைசி பெஞ்சுல தள்ளிடுவாங்க."

"அது அந்த ஸ்கூல் பாடு." பெரிய டீச்சர் பேனாவை மூடினார். "இதைக் கேட்டுக்கோ. வர்றவங்க நோட்டைத்தான் புரட்டிப் பாக்கறாங்க. பிள்ளை மண்டையைத் திறந்தா பாக்கறாங்க?"

டீச்சர் அந்த அறையை விட்டு வெளியே வந்தாள். வகுப்புக்கு வந்து பலகையை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தாள். "இனிமே பாத்து எழுத வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டு எழுதுங்க. எழுதினதை வாய்விட்டுப் படிங்க. கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

எழுத்து கோணிக்கொண்டு போனது. வரியை விட்டு ஏறியது, இறங்கியது. கண்ணால் பார்த்து வரைய ஒன்றும் இல்லாமல் அச்சு தவித்துப் போனாள். ‘படி’ என்று எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் நாள் போகப் போக ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டத் தொடங்கினாள். ஒரு சாயங்காலம் வாசலில் நின்ற வேனைப் பார்த்து, "த… ண்… ணீ… தண்ணீர்! டீச்சர், அதுல தண்ணீர்னு போட்டிருக்கு!" என்று கத்தினாள். டீச்சர் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பெரிய டீச்சர் ஜன்னலில் இருந்து முறைத்தார், சத்தம் போட்டதற்காக.

அந்த வாரமே அச்சுவின் அம்மா வந்தாள். இஸ்திரிக் கடையில் வேலை, நின்று நின்று கால் வீங்கியிருந்தது. கையில் மகளின் நோட்டு.

"என்ன டீச்சர் இது, கோழி கிளறின மாதிரி? போன வருஷம் இவ எழுதின பக்கத்தை நான் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் இது எந்தக் கடையில அச்சடிச்சதுன்னு கேப்பாங்க."

"இப்ப அவ படிக்க ஆரம்பிச்சிருக்காம்மா. எழுத்து அப்புறம் தானா நேராயிடும்."

"எனக்கு அதெல்லாம் தெரியுமா டீச்சர்? நான் படிக்காதவ. எழுத்து அழகா இருக்கா இல்லையான்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவளைக் குற்றம் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை. தெரியாதவளிடம் பளபளப்பைக் காட்டி ஏமாற்றியவர்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? ஆனால் அம்மா வந்து போன சேதி பெரிய டீச்சருக்கு வசதியாகப் போயிற்று. மறுநாளே சீட்டு வந்தது. ஆண்டு விழா வரை மூன்றாம் வகுப்பில் கையெழுத்து மட்டும் நடக்க வேண்டும். விழாவுக்கு வரும் கல்வி அதிகாரி முன்னால் அச்சு பலகையில் எழுதிக் காட்டுவாள். அதற்கான பயிற்சி, தினம் ஒரு புதுச் சீட்டைப் பார்த்து எழுதுவது, பெரிய டீச்சர் அறையிலேயே நடக்கும்.

கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

விழா நாள் காலையில் அச்சு காலைப் பின்னிக்கொண்டு ஓடி வந்தாள். "டீச்சர், பாத்ரூம் பூட்டியிருக்கு."

"சாவியை ஆயாகிட்டக் கேளு."

"கேட்டேன் டீச்சர். சாவி இல்லைங்குது."

ஆயா வழக்கம்போல் எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று டீச்சர் நினைத்தாள். அதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது, பிள்ளைகளை வரிசையாகக் கூடத்தில் உட்கார வைத்தாயிற்று. பேச்சு, கைதட்டல், மறுபடி பேச்சு. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டிருந்தார்கள். ஒழுக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதிகாரி பாராட்டினார்.

பிறகு அச்சுவை மேடைக்கு அழைத்தார்கள். பெரிய டீச்சர் தம் கையாலேயே மாதிரிச் சீட்டை அவளிடம் கொடுத்தார். ‘எங்கள் பள்ளி எங்கள் பெருமை’ என்று நாலு வரி எழுத வேண்டும். அச்சு சீட்டைப் பலகையின் ஓரத்தில் செருகிவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள். பெரிய டீச்சர் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"கையெழுத்துங்கறது மனுஷனோட முகம்…"

அச்சு ‘வி’ எழுதினாள். அதற்குக் கீழே ‘வி’, கீழே ‘வி’, கீழே ‘வி’.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘வி’ எங்கிருந்து வந்தது? அந்த வாசகத்தில் ‘வி’யே கிடையாதே!

‘ரு’, ‘ந்’, ‘தி’ என்று நாலு நாலாக இறங்கின. ‘விருந்தினர்’ என்று ஆனதும் அதிகாரி புன்னகைத்தார், தமக்கு வரவேற்பு என்று நினைத்துக்கொண்டார் போலும். கூடத்தில் கைதட்டினார்கள். அச்சு கொம்பு நட்டாள், கால் நட்டாள். ‘விருந்தினர் போகும்’ என்றது பலகை. கைதட்டல் நின்றது. ‘வரை’ வந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பெரிய டீச்சர் உள்ளே இருக்கிற சுத்தம்தான் வெளியே எழுத்தாக வருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ ஒரு அப்பா களுக்கென்று சிரித்தார்.

அச்சு எழுதி முடித்து, சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டி நின்றாள். நாலு வரியும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன.

‘விருந்தினர் போகும் வரை கழிவறையைப் பூட்டி வை.’

சீட்டின் ஒரு பக்கம் முந்தின நாள் ஆயாவுக்குப் போய் வந்தது. மறுபக்கம்தான் அச்சுவுக்கு. இரண்டு பக்கமும் ஒரே அழகு. எந்தப் பக்கம் தன்னுடையது என்று அந்தப் பிள்ளை எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

கழிவறையின் லட்சணம் அதிகாரி கண்ணில் படாமல் பூட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் திரும்பினார். முகம் சுண்டிப்போனது. "அழி! ஆயா, அழி அதை!" என்று கத்தினார். குண்டூசி விழுந்தால் கேட்கிற பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கத்தல். அடுத்து அச்சுவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கண்ணு அவிஞ்சு போச்சா? என்ன எழுதறேன்னு படிச்சுப் பாத்து எழுத மாட்டே?"

டீச்சர் மேடை ஏறியது அவளுக்கே தெரியவில்லை. ஆயாவின் கையிலிருந்த துடைப்பானை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"கைய எடுங்க மேடம்."

"நீ கீழ இறங்கும்மா முதல்ல!"

"படிச்சுப் பாக்க மாட்டியான்னு கேக்கறீங்களே, வெக்கமா இல்லை? படிக்கச் சொல்லிக் குடுத்தேன், நிறுத்தினீங்க. பாத்து வரைன்னு சொன்னீங்க, வரைஞ்சிருக்கா. அவ மேல கை வெக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

அச்சு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். "கோணலாப் போச்சா டீச்சர்?"

பிள்ளை என்ன எழுதினாள் என்று கூடமே படித்துவிட்டது. எழுதியவளுக்குத்தான் தெரியவில்லை. டீச்சர் அச்சுவின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"கோணல் உன்கிட்ட இல்லை கண்ணு. நாம கூட்டிப் படிச்சோமே, அந்த மாதிரி படி. மெதுவாப் படி, ஒண்ணும் அவசரமில்லை."

"விழா நடக்குதும்மா இங்க!" என்றார் பெரிய டீச்சர்.

"இருங்க, படிக்கட்டும்" என்றார் அதிகாரி. அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை, எல்லாக் கண்ணும் அவர் மேல்தான் இருந்தன.

அச்சு முதல் வரியில் விரலை வைத்தாள். இந்த முறை விரல் கீழே இறங்கவில்லை, பக்கவாட்டில் போனது. "வி… ரு… ந்… விருந்… தி… னர். விருந்தினர். போ… கும்… வரை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "க… ழி… வ… றை… யை…" விரல் நின்றது. மறுபடி பின்னால் வந்து கூட்டினாள். "கழிவறையைப்… பூட்டி… வை."

அவள் டீச்சரைப் பார்க்கவில்லை. நேராகப் பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். படித்தது மெல்ல மெல்ல உள்ளே இறங்க, முகம் சிவந்தது.

"சாவி தொலையலையா? நீங்கதான் பூட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். "காலையில இருந்து நாங்க எல்லாரும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம். ஏன் பூட்டினீங்க?"

பெரிய டீச்சர் மைக்கை அணைத்தார். அணைத்து என்ன பயன், அச்சு மைக்கில் பேசவில்லையே. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தன் எழுந்து, "ஆமா, ஏன் பூட்டினீங்க?" என்றான். அவனைத் தொடர்ந்து நாலைந்து பேர் எழுந்தார்கள். பெரிய டீச்சர் வாயில் விரலை வைத்து உஸ் என்றார். யாரும் உட்காரவில்லை.

பெற்றோர் வரிசையில் அச்சுவின் அம்மா வீங்கின காலோடு எழுந்து நின்றாள். அவள் கண் பலகையில் இல்லை. பலகையில் என்ன இருக்கிறது என்று மகள் படித்துச் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது.

"சாவியைக் குடுத்துட்டு பதில் சொல்லுங்க பெரிய டீச்சர்" என்றாள். "என் பொண்ணு படிச்சுக் கேக்குறா இல்ல?"