பேக்கரிக்காரர் வீட்டுச் சோள ரொட்டி

ஊருக்கெல்லாம் ரொட்டி போடுகிறவர் தன் மகளுக்கு ஒரு துண்டு கொடுக்க முடியாமல் நின்றால் எப்படி இருக்கும்? பேக்கரிக்காரருக்கு அப்படித்தான் இருந்தது. துளி கோதுமை வயிற்றுக்குள் போனாலும் அவள் சுருண்டு படுத்துவிடுவாள்.

"கோதுமையில இருக்கிற குளூட்டன்கிற பசைதான் அவ குடலுக்கு ஆகல. மக்காச்சோளத்துல அது கிடையாது. நார்ச்சத்து இருக்கு, தெம்பும் கொடுக்கும். அதைக் கொடுங்க" என்றார் டாக்டர்.

பேக்கரிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாவுதானே, நமக்குத் தெரியாத மாவா என்று கடைக்குப் போய்ச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். அந்த மஞ்சள் மாவு அவரிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இழுத்தால் அறுந்தது, தட்டினால் விரிசல் விட்டது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்த பிறகே வழிக்கு வந்தது.

வழிக்கு வராதது அவர் கைதான். உருண்டை பலகையில் ஒட்டியதும், வலது கை தன்பாட்டுக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து கோதுமை மாவை அள்ளித் தூவிவிட்டது. வருஷக்கணக்கான பழக்கம், அவரைக் கேட்டுக்கொண்டா செய்யும்? அந்த ரொட்டியை அவரே தின்றார். அடுத்ததையும் அவரேதான் தின்றார்.

"உங்க கடையில காத்துகூட கோதுமைதான். குளிச்சுட்டு வந்து வீட்டுல செய்யுங்க" என்றாள் மனைவி. வீட்டில் கோதுமை எப்போதோ ஒழிக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, புதுப் பலகையின் முன்னால் உட்கார்ந்தார். உருண்டை ஒட்டியது. கை வழக்கம்போலப் பக்கத்தில் துழாவியது. அங்கே சோளமாவுக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மகள் நின்றிருந்தாள்.

"அள்ளுங்கப்பா. இதுல எவ்வளவு வேணா தூவலாம்."

ஓரம் மொறுமொறுவென்று வெந்த ரொட்டியை அவள் சட்டென்று தின்று முடித்தாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு வேலையே ஆரம்பித்தது. சாயங்காலம் வரைக்கும் அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் குனிந்தால் பயம், சோபாவில் சாய்ந்தால் பயம்.

"ஏம்பா என் வயித்தையே பாக்கறீங்க? எனக்கு ஒண்ணுமில்ல. பசிக்குது, இன்னொரு ரொட்டி போடுங்க."

பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். கண் கலங்கியதற்குப் புகையின் மேல் பழி போடலாமென்றால், அது கேஸ் அடுப்பு.