தாய்மாமன் மடி

பெருங்களத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அனுப்பிரியாவுக்கு வரவேற்பாளர் வேலை. தங்கை ஜெயப்ரியா எப்போதாவது அப்பாவுக்குத் தெரியாமல் போனில் பேசுவாள். வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்துறோம். நீ வரணும்."

"அப்பா?"

"அப்பாதான் கூப்ட சொன்னாரு. தாய்மாமன் மடியிலதான் குத்தணுமாம். வேற யாரையும் உக்கார வெக்க மாட்டாராம்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா சட்ட பேண்ட் போட்டுகினு வர சொன்னாரு. நான் கேக்குறது தப்புதான்க்கா. அம்மாவும் போயிட்டாங்க. எனுக்கு வேற யாரு கீறாங்க?"

கோவளத்தில் படகு வைத்திருக்கும் அப்பா வீராசாமிக்கு மோகன்ராஜ் ஒரே மகன். அவன் புடவை கட்டிக்கொண்டதைப் பார்த்த அன்றே அவர் வெளியே துரத்திவிட்டார். ஆறு வருடம் ஆயிற்று. அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்து, அடையாள அட்டைகளில் பெயர் மாறி, அவள் முழுதாக அனுப்பிரியா ஆகியிருந்தாள்.

ஞாயிறு காலை கண்ணாடி முன் நின்று மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பக்கத்து வீட்டாரிடம் வாங்கிய தொளதொள சட்டையை மாட்டினாள். இடுப்பு வரை வளர்ந்த முடியைச் சுருட்டி, மேலே துண்டை முண்டாசாகக் கட்டினாள். கம்மலைக் கழற்றினாள். அறுவை முடிந்து கண் விழித்த நாளில்கூட இவ்வளவு வலித்ததாக நினைவில்லை.

அம்மன் கோயில் வாசலில் அப்பா காத்திருந்தார். பார்த்ததும் இரண்டே எட்டில் வந்து கட்டிக்கொண்டார்.

"எம் புள்ள வந்துட்டான்யா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

இந்த ஒரு அணைப்புக்காக அவள் ஆறு வருடம் ஏங்கியிருந்தாள். இப்போது கிடைத்தது, மோகன்ராஜுக்கு.

குழந்தையை அவள் மடியில் உட்கார வைத்தார்கள். கம்பியோடு குனிந்த ஆசாரி அவள் காதைக் கவனித்தார்.

"இன்னா தம்பி, ஒனக்கு இன்னும் ஓட்ட தூராம கீது?"

அவள் முண்டாசைக் காதுவரை இழுத்துவிட்டாள். ஆசாரியே சிரித்தார். "அந்தக் காலத்துல ஆம்பளைங்களும் கடுக்கன் போட்டவங்கதான். நடுவுலதான் வுட்டுட்டாங்க. பாப்பாவைக் கெட்டியா புடி."

குழந்தை வீறிட்டது. அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புதைத்து அழுதது. அவளும் அழுதாள். தாய்மாமன் பாசம் என்று யாரோ சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்ததும் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார்.

"இப்டியே இருந்துடு மோகனு. படகு கீது, வூடு கீது. நடந்தத மறந்துடலாம்."

"இன்னிக்கு மட்டும்தாம்பா இந்த வேசம். பாப்பாவுக்காகப் போட்டேன். நான் அனுப்பிரியாதான்."

அவர் மெல்லக் கையை விட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"அப்ப இனிமே வராதம்மா" என்றார். வாய்தவறி 'அம்மா' என்று வந்துவிட்டது போலிருக்கிறது. அதற்கே பயந்தவர்போல் திரும்பி, படகுகளின் பக்கம் வேகமாக நடந்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அவள் முண்டாசை அவிழ்த்தாள். முடி முதுகில் சரிந்தது. பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரப் பெண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள். கேளம்பாக்கம் பஸ் வரும் நேரத்தில் ஜெயப்ரியா குழந்தையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா இன்னா சொன்னாரு?"

"வர வேணாம்னாரு."

ஜெயப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, குழந்தையின் கையைத் தூக்கி ஆட்டி, அவர்கள் மூவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு."