ஜன்னல் கம்பியில் உப்பு

கடலோரத்தில் நகரம் கட்டியதைப் போன்ற முட்டாள்தனத்தை மனிதகுலம் வேறெங்கும் செய்ததில்லை என்பது ஏசி மெக்கானிக்கின் தீர்மானமான முடிவு. கப்பலிலிருந்து இறங்கிய முதல் ஆள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கச் சோம்பல்பட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். பின்னால் வந்தவர்களெல்லாம் அவனைப் பார்த்து வீடு கட்டினார்களாம். அவ்வளவுதான் வரலாறு.

அவன் அம்மா தினமும் காலையில் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உப்புக் கரித்தால் அன்றைக்குத் துணி துவைக்க மாட்டாள். அந்தக் காற்றில் காயாது.

"நக்கிப் பாத்து வானிலை சொல்ற ஒரே ஆபீஸ் நம்ம வீடுதாம்மா."

"போடா. ஊர்ல இருக்கிற ஏசியையெல்லாம் இந்த உப்பு அரிக்கலேன்னா உனக்கு ஏதுடா சோறு?"

எதிர்வரிசை வீடுகளை அலை விழுங்கிய பிறகு, அவள் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், கடல் எட்டாத தூரத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கேயும் கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லடா."

"அதுக்குத்தானேம்மா வந்தோம்" என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள் காலை, அவளுடைய துணிகளைத் துவைக்க வாளியில் போட்டவன், ஜன்னலைத் திறந்தான். யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கம்பியைத் தடவி நாக்கில் வைத்தான்.

வெறும் தூசி. துப்பிவிட்டு, அடுத்த கம்பியையும் தடவினான்.