மறுகாலில் அடைத்த சேலை

நாத்தனார் முத்துசெல்வியைக் கண்டாலே உமாதேவிக்கு வயிறு எரியும். ஒளிப்பானேன், எரியத்தான் செய்தது. புருஷன் நந்தகோபாலுக்குத் தங்கச்சி என்றால் உசுரு. ஆடு ஈன்றால் நல்ல குட்டி தங்கச்சிக்கு, மொச்சை காய்த்தால் முதல் பறி தங்கச்சிக்கு. தீபாவளிக்குக் கோவில்பட்டியில் ஜவுளி எடுக்கப் போனவன், அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்ட சேலை ஒரே மாதிரி இரண்டு எடுத்து வந்தான். பெண்டாட்டிக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்றாம்! முத்துசெல்வி அன்றைக்கே கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினாள். உமாதேவி தன்னுடையதை யார் கண்ணிலும் காட்டாமல் டிரங்குப் பெட்டிக்குள் போட்டாள்.

மூன்று வருஷ வறட்சிக்குப் பிறகு அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது. உமாதேவி இருக்கும் மேலூரின் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வழிந்தால்தான், முத்துசெல்வி வாழ்க்கைப்பட்ட கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர். மேலூரிலோ மிளகாய்க்காரர்கள் மடையைத் திற என்பார்கள், ஆட்டுக்காரர்கள் ஆட்டுக்குத் தண்ணி விடு என்பார்கள், தீப்பெட்டி ஆபீஸ் பாண்டியராஜன் அண்ணாச்சி டேங்கரோடு வந்து நிற்பார். அடிக்கடி மண்டை உடைந்ததால், இந்தத் தடவை ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீஸில் வைத்துப் பேசி முடித்திருந்தார்கள். கண்மாய் முக்கால் நிறைந்ததுமே மறுகால் சுவரில் ஒரு முழத் திறப்பு வழியாகக் கீழூருக்குத் தண்ணீர் போகும். மேலூர் ஆள் யாராவது அதை அடைத்தால், மேலூருக்கு இந்த வருஷம் மடைத் தண்ணீரே கிடையாது. காவல் பொறுப்பு நந்தகோபாலுக்கு.

"தண்ணி போவுதுட்டி! செல்வி மொகத்த இப்பம் பாக்கணுமே!" என்று அவன் சிரித்தபடி சாப்பிட உட்கார்ந்தான்.

"எம் மொகத்தப் பாத்து என்னைக்காவது இப்பிடிச் சிரிச்சிருக்கீயளா?"

அவன் காதில் அது விழவே இல்லை. அடப்பாவி மனுஷா, தண்ணீருமா தங்கச்சிக்குச் சீர் போகிறது?

மறுநாள் மத்தியானம் அவன் ஆடுகளைப் பத்திக்கொண்டு போனதும், உமாதேவி புல்லறுக்கப் போகிறவளைப் போல மறுகாலுக்கு நடந்தாள். கூடைக்குள் அந்தச் சேலை. வீட்டில் சாக்குக்கா பஞ்சம்? பாழாய்ப்போன ஆத்திரத்தில் கை பெட்டியைத்தான் திறந்தது. கரிசல் மண்ணைச் சேலையில் அள்ளிச் சுருட்டி, திறப்பில் திணித்து மிதித்தாள். தண்ணீர் நின்றது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இரண்டு வாய் கூடுதலாகவே இறங்கியது.

விடிந்ததும் கீழூர்க்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். மேலூரும் கூடிவிட்டது. கீழூர் மிளகாய்க்காரர் சுடலைக்கண்ணு மறுகாலில் இறங்கி இழுத்தார். மண் உதிர உதிர மஞ்சள் கட்டம் வெளியே வந்தது.

"பொம்பள சேலல்லா இது! எந்த மேலூர்க்காரி சேலவே?"

நந்தகோபால் சேலையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். ஊர்ப் பயிர் அத்தனையும் போச்சு, புருஷன் மானமும் போச்சு.

"அய்ய, அது எஞ் சேல!" முத்துசெல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "போன வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்தப்பம் இங்கன தொவச்சுக் காயப்போட்டேன், காணல. எந்தக் களவாணி தூக்குனானோ! தீவாளிக்கு நான் கட்டிக்கிட்டுத் திரிஞ்சத நீங்க எல்லாரும் பாத்தியள்லா?"

பார்த்திருந்தார்கள்தான். களவாணி எந்த ஊர்க்காரன் என்று யார் கண்டது? சுடலைக்கண்ணு முனகிக்கொண்டே கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் கீழே ஓடியது.

போகிற போக்கில் முத்துசெல்வி மதினியின் கையை ஓர் அமுக்கு அமுக்கினாள். வீட்டில் இருக்கும் தன் சேலையை முத்துசெல்வி இனிக் கட்டவே முடியாது என்பது உமாதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூடத் தேவலை. இப்போது நல்லவள் என்கிற பேரும் அவளுக்கே போய்விட்டதே!

பொங்கலுக்குக் கோவில்பட்டி போய்வந்த நந்தகோபால் பையைப் பிரித்தான். மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை. உமாதேவி பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். வேறொன்றும் இல்லை.

"செல்விக்குத்தாம்ட்டி. பாவம், அவ சேலதான மறுகால்ல போச்சு. ஒஞ் சேல பெட்டியில புதுசா இருக்குல்லா?"

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு," என்றாள் உமாதேவி. "மடிப்புக்கூடக் கலையல."