அவரைப் பந்தலில் கட்டிய பட்டு

அவரை விதையை மாகறலிலிருந்து என் அக்கா முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கொடுத்தாள். அதற்குக் காசு இல்லை. பந்தலுக்கும் காசு இல்லை. தறிக்குப் பாவு நூல் விரிக்கும்போது உடைந்துபோன குச்சிகளை என் வீட்டுக்காரர் மயில்வாகனம் மூலையில் போட்டு வைத்திருந்தார். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான். கயிறு ஒன்றுதான் குறை. கடையில் கயிறு வாங்குகிற நிலைமையில் இருந்தால் அவரைக்காயையே வாங்கியிருப்போமே.

பாவு முடிகிற இடத்தில் நெய்யவே முடியாமல் ஒரு சாண் நூல் நின்றுவிடும். அதை அறுத்துத்தான் போட வேண்டும். ஜரிகைத் துணுக்கென்றால் முதலாளி திருப்பி வாங்கிக்கொள்வார். பட்டுக் கழிவு நெய்கிறவன் வீட்டோடு போகும். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். மற்றவர்கள் பெருக்கித் தள்ளியதை நான் எடுத்து முறுக்கிப் பந்தலைக் கட்டினேன், கொடியையும் கட்டினேன்.

ஐப்பசி மழையில் எதிர்வீட்டுக் கங்கையம்மாள் வாழைநாரில் கட்டிய பந்தல் அழுகிச் சரிந்தது. என்னுடையது நின்றது. கார்த்திகையில் கொடி முழுக்கப் பூ, நடுநடுவே பிஞ்சு. தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை அடிக்கடி நின்றுபோன வருஷம் அது. தை முடியும்வரை சோற்றோடு தொட்டுக்கொள்ள ஏதோ இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. அவர் முதலாளியின் கணக்குப்பிள்ளை. எங்களுக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பவரும் அவர்தான், புடவையை நிறுத்து வாங்குபவரும் அவர்தான். ஒரு நாள் தறியில் புடவை முடிந்து, அறுப்பது மட்டும் பாக்கி. மதராஸ் கல்யாணக்காரர்கள் மத்தியானம் வந்து வாங்குவதாக இருந்ததால் அவரே நேரில் வந்துவிட்டார். சேற்றுக் காலைக் கழுவப் புழக்கடைக்குப் போனவர் அங்கேயே நின்றார்.

“ஏம்மா, பட்டு எப்படி பந்தலுக்கு வந்துச்சு? போன புடவை எடை கொறைஞ்சப்பவே நெனச்சேன்.”

“கழிவு நூலுங்க. எல்லா வீட்லயும் கூட்டித் தள்றதுதானே.”

“கழிவுன்னா குப்பைல இருக்கணும். இங்க செவப்பு, பச்சைன்னு தோரணமா தொங்கிக்கினு இருக்குது. அவுத்து எடு. நிறுத்துப் பாத்துட்டு முதலாளிகிட்ட சொல்றேன்.”

சொன்னால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். நூல் திருடினவன் என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் ஊரில் வேறு எந்த முதலாளியும் பாவு கொடுக்கமாட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்காமலே, “அவுத்துக் குடுத்துடு, தில்லை,” என்றார் என்னிடம். கணக்குப்பிள்ளை மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம்தான் பெரிது. திருடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த மனிதருக்கு வாய் இல்லையா?

அவிழ்த்தேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கொடி சேற்றில் விழுந்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. கடைசியில் குச்சிகளும் சாய்ந்தன. ஈரமும் மண்ணுமாகக் கிடந்த நூலை அவர் கையோடு கொண்டுவந்திருந்த தராசில் அப்படியே வைத்தார்.

“பாத்தியா, கொறைஞ்ச எடைக்கு மேலயே இருக்குது.”

அதற்கு மேல் நான் சும்மா இருக்கவில்லை. “மழைநாள்ல புடவை கொண்டாந்தா என்னா சொல்றீங்க? ஈரத்துல எடை காட்டுது, காயவெச்சுக் கொண்டான்னு திருப்பி அனுப்புறீங்க இல்ல? இதுவும் அதே பட்டுதான். சேத்தோட நிறுத்துட்டு எங்களத் திருடங்கன்றீங்களே, நல்லா இருக்குதா?”

அவர் தராசைக் கீழே வைத்தார். நூலை மண் போக அலசிப் பிழிந்தேன். முறத்தில் பரப்பி அடுப்புத் தணலில் சூடு காட்டினேன். நான் ஒரு இழையை ஒளித்துவிடுவேனோ என்று அவர் பக்கத்திலேயே குந்தியிருந்தார். காய்ந்த பிறகு மறுபடியும் நிறுத்தார். தட்டு அசைந்த மாதிரியே தெரியவில்லை.

“சரி, விடு. கழிவுதான்,” என்று நூலை முறத்தில் போட்டார். எங்களுக்கு என்னவோ தர்மம் செய்தது போல இருந்தது அவர் முகம். “மயிலு, நேரமாவுதுபா. புடவைய அறு.”

என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்தார். புடவையைப் பார்த்தார், திறந்திருந்த புழக்கடைக் கதவு வழியாகச் சேற்றில் கிடந்த கொடியைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“பந்தல யாரு கட்றது?”

“என்னாது?”

“அவுக்கச் சொன்னது நீங்கதானே. கட்டிட்டு வாங்க, அறுக்குறேன்.”

“கல்யாணக்காரங்க வந்துக்கினு இருப்பாங்கபா.”

“வரட்டும்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. கை கத்திப் பக்கம் போகவில்லை. கோதண்டபாணி என்னைப் பார்த்தார். சமாதானம் சொல்லுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் முறத்தை நீட்டினேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். குச்சியை நட்டார், கொடியைத் தூக்கினார், பட்டு நூலால் ஒவ்வொன்றாகக் கட்டினார். அவர் போட்ட முடிச்சு எதுவும் பொழுது சாயும்வரை தாங்காது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நான்தான் எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. கடைசிக் கொடிவரை கட்டட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.